கடைசி மணி

நீலகிரிக்கு ஆண்டில் இரண்டு 'சீஸன்' உண்டு என்று மலைக்கு வந்து போகிறவர்கள் சொல்லுவார்கள். சித்திரை, வைகாசியில் ஒன்று. புரட்டாசி, ஐப்பசியில் மற்றொன்று. முதலாவது மலர்க் கண்காட்சிக்கு உரியது. இரண்டாவது, ஒரு மழைக்கும் மறு மழைக்கும் நடுவே சூரிய பகவான் மனமிரங்கி அளிக்கும் சலுகை. ஆனால் மலையிலேயே பிறந்து, கம்பளிச் சட்டையோடு வளருகிறவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு சீஸனையும் சேர்த்துச் சொல்லுவார்கள். அதற்காக ஹோட்டல்களில் வாடகை உயர்வதில்லை. ரயிலில் இடம் கிடைக்காமல் போவதுமில்லை. பத்திரிகைகளில் படமும் வருவதில்லை. அதுதான் பள்ளிக்கூடம் மூடுகிற சீஸன்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சமவெளியில் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி, பற்சக்கரத்தின் உதவியால் சுமார் 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய 5 மணி நேரத்தில் கடந்து, உதகையில் வந்து இறங்குகிறார்கள். "ஆஹா! பள்ளிக்கூடம் இல்லாத ஊர்!" என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அந்த ஊரிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அங்கும் சற்று முன்புதான் கடைசி மணி அடித்திருக்கிறது, குதிரையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கும் பையனுக்கும் ஒரு வகுப்பு உண்டு என்ற எண்ணம் எழுவதேயில்லை. இந்த வாரம் நேயர்களை அந்தக் கடைசி மணியின் பக்கமாக அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

மூச்சு வாங்கும் விழா

பள்ளிக்கூடத்து ஆண்டு விழா எங்கும் ஒன்றுதான். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பரிசளிப்பு, தலைமை உரை, நாடகம், நன்றியுரை, தேசிய கீதம் என்ற வரிசையை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆயினும் கடல் மட்டத்துக்குமேல் 7,000 அடிக்கு அதிகமான உயரத்தில் அதே வரிசை வேறு குணம் பெற்றுவிடுகிறது. கோயமுத்தூரிலிருந்து வரும் பிரமுகர் மேடைப் படி ஏறியதும் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நிற்பார். சபையோர் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எண்ணிக் கை தட்டுவார்கள். உண்மையில் அவருக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவே. அதே உயரத்தில் மலைப் பிள்ளைகள் ஓட்டப் பந்தயம் ஓடிவிட்டு, மூச்சு வாங்காமல் வந்து பரிசு வாங்கிக்கொள்கிறார்கள்.

மற்றொரு விசேஷம், அங்கே கேட்கும் பாஷைகள். ஒரே வகுப்பில் வீட்டிலே படுக மொழி பேசும் பிள்ளை, தமிழ் பேசும் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கூடலூர்ப் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுக் குழந்தைகளும் உண்டு. உதகையைச் சுற்றித் தோதவர் மந்துகளும், கோத்தர் ஊர்களும் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் பாடப் புத்தகத்தின் பாஷைக்குள் அடங்கிக் கிடந்த இந்தக் குரல்கள் ஆண்டு விழா அன்று ஒரு நாள் மேடை ஏறுகின்றன. வெள்ளை உடுத்திய படுகர் நடனம் இல்லாமல் நீலகிரியில் ஒரு பள்ளி விழா நிறைவு பெறுவது அபூர்வம். வட்டமாக ஆடத் தொடங்கினால் முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களின் கால்களும் சும்மா இருப்பதில்லை.

இவ்வளவும் சந்தோஷமான காட்சிதான். ஆயினும் சந்தோஷத்தோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருமுன் சிறிது பழங்கதை சொல்ல வேண்டும்.

யாருக்காகக் கட்டியது?

கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1819-ல் மலையேறி வந்த பிறகு, இந்தச் சீதளப் பிரதேசம் வெள்ளைக்காரர்களுக்குத் தாய்நாட்டின் ஞாபகத்தை அளிக்கத் தொடங்கியது. வீடு வந்தது, மாதா கோயில் வந்தது, தோட்டம் வந்தது, அப்புறம் பள்ளிக்கூடமும் வந்தது. கேத்தியில் 1846-ல் வந்து தங்கிய பாஸல் மிஷன் பாதிரிமார் படுகர் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மலையில் எழுந்த பெரிய கட்டடங்கள் பிறருக்காக எழுந்தவை.

லவ்டேலில் மணிக்கூண்டுடன் கம்பீரமாக நிற்கும் லாரன்ஸ் பள்ளியை ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1857-ல் லக்னோ முற்றுகையில் இறந்த ஸர் ஹென்றி லாரன்ஸின் பெயரால், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் என்று 1858-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. கட்டடத்தின் அமைப்பு ராபர்ட் சிஷோம் என்னும் சிற்பியின் கைவண்ணம். சென்னையில் பல பெரிய மாளிகைகளுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. உதகையில் இன்னொரு பழைய பள்ளியான பிரீக்ஸ் பள்ளி, நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்து 1872-ல் காலமான ஜேம்ஸ் வில்கின்ஸன் பிரீக்ஸின் ஞாபகார்த்தமாக 1874-ல் தொடங்கியது. அவர் இம்மலையின் பழங்குடிகளைப் பற்றியும் புராதனச் சின்னங்களைப் பற்றியும் எழுதிய நூல், அவர் மறைந்த பின் 1873-ல் வெளிவந்தது.

மலையின் குடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியாயிற்று. ஆனால் அந்தக் குடிகளின் குழந்தைகள் உயர்தரப் பள்ளியின் பெஞ்சியில் வந்து உட்காருவதற்கு வெகு காலம் சென்றது. சுதந்தரம் வந்த பிறகு, 1949-ல், லாரன்ஸ் பள்ளி இந்திய ஸர்க்காரின் கல்வி இலாகா வசம் வந்தது. சிப்பாய்ப் பிள்ளைகளுக்காக அடித்த மணி இந்தியக் குழந்தைகளுக்காகவும் அடிக்கத் தொடங்கியது. மலை அதேதான், மணியும் அதேதான், கேட்கும் காதுகள் மாறின.

மணலில் எழுதிய எழுத்து

லாரன்ஸ் பள்ளியின் பூர்வோத்தரத்தில் நமக்கு மிகவும் பிடித்த ஒரு சமாசாரம் உண்டு. தமிழ்நாட்டில் பலர் அதை அறியமாட்டார்கள். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அநாதாலயம் இருந்தது. 1870-களின் தொடக்கத்தில் அதை மலைக்குக் கொண்டுவந்து லாரன்ஸ் ஸ்தாபனத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்த எழும்பூர் அநாதாலயத்தில் 1789 முதல் தலைமை வகித்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். போதிய உபாத்தியாயர்கள் இல்லாமல் அவர் திண்டாடினார். இருந்தவர்களோ புது முறை எதையும் ஏற்க மறுத்தார்கள். ஒரு நாள் வழியில் நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் முன்னால் கற்றவன் பின்னால் வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும் வழக்கந்தானே! அதாவது, நாம் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்து வந்திருக்கும் அதே சட்டாம்பிள்ளை! பெல் அந்த மணலையும் அந்த முறையையும் அநாதாலயத்துக்குக் கொண்டு போனார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைக் குழந்தைகள் 'மதராஸ் முறை' என்ற பெயரால் அம்முறையில் எழுத்தறிந்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் காலேஜ்' என்ற பெயருடன் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதன் இரகசியம் இதுதான்.

பெயர் தெரியாத ஒரு தமிழ் வாத்தியாரின் திண்ணை, கப்பலேறிச் சீமைக்குச் சென்று கீர்த்தி பெற்றது. அந்த முறை பிறந்த அநாதாலயமோ மலையேறி வந்து நீலகிரியில் கலந்துவிட்டது. இந்தச் சட்டாம்பிள்ளையை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அவனிடம் நமக்கு ஒரு காரியம் இருக்கிறது.

முதல் பட்டங்கள்

உயர்தரப் பள்ளியின் கடைசி மணி வரையில் ஒரு குழந்தை பெஞ்சியை விடாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு சமூகத்துக்கு என்ன நேருகிறது என்பதை நீலகிரியே காட்டியிருக்கிறது. படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி எச். பி. ஆரி கௌடர். அவர் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். அதைவிடப் பெரிதாக நாம் மதிப்பது, மலை விவசாயி உருளைக்கிழங்கையும் காய்கறியையும் தரகரிடம் கேட்ட விலைக்கு விற்றுவிட்டுத் திரும்பிய காலத்தில், 1935-ல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நிறுவியதாகும். படித்தவன் கையில் ஏர் நிற்காது என்பார்கள். இவர் படித்ததால் ஏர் பிடித்தவர்களின் கையில் பணம் நின்றது.

அச்சமூகத்துப் பெண்களில் முதலில் பட்டம் பெற்றவர் அக்கம்மா தேவி. 1962-ல் நீலகிரித் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்று 1967 வரையில் அங்கத்தினராயிருந்தார். ஒரு ஹட்டியில் பிறந்த பெண் டில்லியில் அமர்ந்தாள் என்ற செய்தி எத்தனை வீடுகளில், "இவளையும் இன்னொரு வருஷம் படிக்க வைத்தால் என்ன?" என்ற பேச்சைக் கிளப்பியிருக்கும்! அந்த 'இன்னொரு வருஷம்' என்பதே நமது விஷயத்தின் உயிர் நாடி.

பெயர்ப் பட்டியல்

ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் அறிக்கை வாசிக்கிறார். எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எந்தப் பந்தயத்தில் எந்தக் கேடயம் கிடைத்தது என்பதெல்லாம் அதில் வருகின்றன. நியாயமான பெருமைதான். ஆனால் அந்த அறிக்கையில் இடம் பெறாத ஒரு பட்டியல் இருக்கிறது. ஜூன் மாதத்தில் திரும்பி வராத பிள்ளைகளின் பட்டியல் அது.

திரும்பி வராததற்குக் காரணம் பிள்ளையின் மூளையன்று, பூகோளம். தேயிலைத் தோட்டங்களில் லயன் வீடுகள் ஒரு சரிவில் இருக்கும்; ஆரம்பப் பள்ளி பக்கத்திலேயே இருக்கும்; உயர்தரப் பள்ளியோ அடுத்த மலைக்கு அப்பால் இருக்கும். 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் 6 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் படிப்பு வசதி அளிக்குமாறு முதலாளிக்கு உத்தரவிட அது இடம் தந்தது. நல்லது, பன்னிரண்டு வயதோடு அதன் கை நின்றுவிட்டது. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டது. மிக நல்லது, ஆனால் பதினாலு வயதில், எட்டாம் வகுப்பின் வாசற்படியில், அதுவும் கையை விட்டுவிடுகிறது. சட்டங்களின் கை முடிகிற அதே இடத்திலேதான் உயர்தரப் பள்ளி தொடங்குகிறது. அங்கிருந்து மேலே ஏறுவதற்குப் பிள்ளைக்குத் துணை, பெற்றோரின் மனமும் வாத்தியாரின் அக்கறையும் ஒரு பஸ்ஸும்தான்.

அந்தப் பஸ் காலையில் தவறிவிட்டால் பாடமும் தவறும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் மாலையில் தவறிவிட்டால், வழியில் யானை நின்றாலும் நிற்கலாம். "பெண் குழந்தையை எப்படி அனுப்புவது?" என்று தாய் கேட்டால், அதைப் பழமை என்று சொல்லி ஏளனம் செய்ய நமக்கு வாய் வராது.

இந்த மலையில் இன்னொரு வகைப் பயணத்தின் கதையும் உண்டு. 1964-ல் நமது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவர்களுக்கு வேலை அளிப்பதற்காக 1968-ல் தமிழ்நாடு அரசாங்கம் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. கப்பலிலிருந்து இறங்கி, ரயிலேறி, மலையேறி வந்த அக்குடும்பங்கள் கொண்டு வந்த சொத்து, கொழுந்து பறிக்கும் கைப் பழக்கந்தான். பாட்டன் காட்டை வெட்டினான். தகப்பன் கொழுந்து நிறுத்தான். பேரன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டால் மூன்று தலைமுறை நடந்த நடைக்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது. எழுதாமலே நின்றுவிட்டால், நாலாவது தலைமுறையும் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

விடுமுறை யாருக்கு?

கோடை விடுமுறை குழந்தைகளுக்கு உல்லாசம் என்று பாட்டெழுதுகிறவர்கள், கோடை மழைக்குப் பின் தேயிலைச் செடி எவ்வளவு வேகமாகக் கொழுந்து விடும் என்பதை அறியமாட்டார்கள். வேலை மிகுந்த அந்த மாதங்களிலேதான் பள்ளிக்கூடமும் மூடுகிறது. தாய் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டால், மூத்த பெண் தம்பி தங்கைகளுக்குத் தாயாகிறாள். பையனுக்கோ ஊரிலே சீஸன். கடையில் ஆள் தேவை. தட்டுக் கழுவலாம், பொம்மை விற்கலாம். கையில் காசு புரளுகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது, அந்தக் காசின் சத்தமும் இன்னொரு காதில் கேட்கிறது.

சாப்பாட்டு விஷயமும் உண்டு. 1956-ல் காமராஜர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் விரிவாக்கிய சத்துணவும், 2022-ல் ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த பெருமை உடையவை. ஆனால் பள்ளிக்கூட அடுப்பு எரிவது பள்ளிக்கூட நாட்களிலேதான். கடைசி மணி அடித்த மறுநாள், சில வீடுகளில் மத்தியானம் என்பது சற்று நீளமாகிவிடுகிறது.

சட்டாம்பிள்ளையிடம் ஒரு வேலை

குறை சொல்லி நிறுத்துவது சுலபம். யோசனை சொல்லாமல் நிறுத்துவது நியாயமல்ல.

முதலாவது யோசனை தலைமையாசிரியர்களுக்கு. கடைசி நாளில் வாசிக்கும் அறிக்கையோடு இன்னொரு தாளும் மேஜையின்மேல் இருக்கட்டும். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்தவர் யார் யார்? ஒவ்வொருவரும் ஜூன் மாதம் எந்தப் பள்ளியில், எந்தப் பஸ்ஸில், யாருடன் போகப் போகிறார்கள்? மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, "போய் வா, அப்பா!" என்று ஆசீர்வதித்தால் மட்டும் போதாது. போய்ச் சேர்ந்தானா என்று ஜூன் இரண்டாவது வாரத்தில் விசாரிக்கவும் வேண்டும். பல உபாத்தியாயர்கள் யாரும் கேளாமலே லயன் வீடுகளுக்கும் ஹட்டிகளுக்கும் நடந்து சென்று பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வருகிறார்கள். அந்த நடைக்குக் கேடயம் கிடையாது. ஆண்டு விழாவில் ஒரு மாலையாவது அவர்களுக்கு விழ வேண்டாமா?

இரண்டாவது, நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன சட்டாம்பிள்ளைக்கு. பரீட்சை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பெரிய மாணாக்கர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு ஹட்டியிலும் இருக்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் பத்துக் குழந்தைகளை உட்கார வைத்துப் புத்தகம் படிக்கச் சொன்னால், ஜூன் மாதத்தில் அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் அந்நியமாயிராது. 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம், தொற்று நோய்க் காலத்தில் பாடம் இழந்த பிள்ளைகளுக்கு ஊரிலுள்ள இளைஞர்களையே மாலை நேர ஆசிரியர்களாக்கியது. திண்ணை மறுபடியும் திண்ணைக்கே வந்தது. எழும்பூரில் மணலில் எழுதிய எழுத்துக்குச் சீமை வரை செல்லும் பலம் இருந்ததென்றால், சேரம்பாடியில் ஒரு லயன் வீட்டு வாசல் வரை வருவதற்குப் பலம் இல்லாமலா போய்விடும்?

மூன்றாவது யோசனை, சீஸனுக்கு மலையேறும் நமது நேயர்களுக்கு. பூவைப் பார்க்க வருகிறீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள். ஆனால் கடையில் தேநீர் கொண்டு வந்து வைக்கும் பையனிடம், "எந்த வகுப்புத் தம்பி? ஜூன் மாதம் எந்தப் பள்ளி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் காதிலும் விழும். பதினாலு நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதும் அப்போது அவருக்கு ஞாபகம் வரலாம். வீட்டிலே மடித்து வைத்திருக்கும் குழந்தைப் புத்தகங்களில் நாலைந்தை எடுத்து வந்து ஒரு தோட்டப் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போவதற்குப் பெட்டியில் இடம் இல்லாமற் போகாது. திரும்பும்போது அந்த இடத்தில் வர்க்கியை நிரப்பிக்கொள்ளலாம்.

மலைச் சரிவை நீலமாக்கும் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிறது என்று ஆச்சரியப்பட்டு, கூட்டங் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம். ஒன்றாம் வகுப்பில் காலடி வைத்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிப்பதற்கும் அதே 12 ஆண்டுதான் ஆகிறது. எட்டாம் ஆண்டில் பறித்துவிட்டால் எந்தச் செடிதான் பூக்கும்?

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொள்ளும். சீஸன் ஜனங்கள் இறங்கிப் போயிருப்பார்கள். மூடுபனியில் குடைகளும் கம்பளித் தொப்பிகளும் ஈரப் பைகளுமாகப் பிள்ளைகள் மேடேறி வருவார்கள். முதல் நாள் வகுப்பில் வாத்தியார் ஒவ்வொரு பெயராக அழைப்பார். எல்லாப் பெயருக்கும் "உள்ளேன், ஐயா!" என்று பதில் கிடைக்க வேண்டும் என்பதே இவ்வாரத்து நமது பிரார்த்தனை.